தலை உடைந்த போல்ட்

ஸ்பானர் கையில் திடீரென்று லேசானது. காலையிலிருந்து அசையாமல் நின்ற போல்ட் இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு விடும் நேரம்கூட நிலைக்கவில்லை. போல்ட்டின் தலை மட்டும் தனியாகக் கழன்று, கீழே விரித்திருந்த சாக்கின் மேல் விழுந்தது. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது. உடைந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. சுற்றிலும் துரு.

அரியாங்குப்பத்தில் ஆற்றங்கரையிலிருந்து சற்று உள்ளே, பள்ளமான ஒரு தெருவில் எங்கள் வீடு. நானும் என் மனைவியும் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். அரைப்பது அவள் பொறுப்பு. கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. விடிந்ததும் டப்பாக்களைக் காரில் அடுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் நோணாங்குப்பம் வரைக்கும், இன்னொரு பக்கம் பாலத்தைத் தாண்டி முதலியார்பேட்டை வரைக்கும் போய்வருவேன். கார் சின்னது, பழையது. டப்பா வைப்பதற்காகப் பின் சீட்டைக் கழற்றியிருந்தோம். கடற்காற்றிலேயே நின்று நின்று அதன் அடியில் எதைத் தொட்டாலும் துரு உதிரும்.

அந்த மழைக்காலத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் இடது முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம் வந்தது. சக்கரத்தைச் சுழலவைக்கும் ஆக்ஸிலின் நுனியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வழிந்து, உள்ளே மண்ணும் தண்ணீரும் புகுந்துவிட்டிருந்தன. எந்த நிமிடமும் நடுரோட்டில் விட்டுப்போகலாம். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் மழையில் வீட்டுச் சுவர் இடிந்துவிட்டதென்று ஊருக்குப் போயிருந்தார். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியவில்லை. பிரேக் கட்டை மாற்றுவது, பெல்ட் மாற்றுவது போன்ற வேலைகளை நானே செய்து பழக்கம். இதையும் செய்துவிடலாம் என்று நினைத்துப் பழுதுபார்த்த ஆக்ஸில் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். மழை விட்டிருந்த ஒரு காலையில் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன்.

சொல்வதற்குச் சுலபமான வேலை. ஆக்ஸில் நுனியில் உள்ள பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். பிறகு, சக்கரம் பூட்டும் இரும்புப் பாகத்தைக் கீழிருக்கும் தாங்கியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு போல்ட்டை உருவ வேண்டும். அது வந்துவிட்டால் அந்தப் பாகம் வெளியே சாயும், ஆக்ஸிலை இழுத்துவிடலாம். பெரிய நட்டு சண்டை போடாமல் வந்தது. ஆக்ஸிலின் நுனி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்ததால் சுத்தியலால் நாலைந்து அடி போட்டேன். அதுவும் கொஞ்சம் நகர்ந்தது. கடைசியாக அந்தப் போல்ட்டிடம் வந்தேன். அதன் தலைதான் இப்போது சாக்கின் மேல் கிடந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் கிரில், கேட் செய்பவர். வீட்டின் முன்னாலேயே தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணா என்பார். அவரிடம் டிரில் மெஷினை வாங்கிவந்து, உடைந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டேன். படுத்துக்கொண்டு, கண்ணில் துருத்தூள் விழப் போட்ட துளை கோணலாகப் போனது. அந்தத் துளைக்குள் செருகி எதிர்ப்பக்கமாகத் திருகினால் போல்ட்டைப் பிடித்து வெளியே கொண்டுவரும் கருவி ஒன்று கடையில் கிடைக்கிறது. சைக்கிளில் போய் அதை வாங்கிவந்து செருகித் திருகினேன். முதலில் இறுகியது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். கருவியின் முனை உள்ளேயே உடைந்துவிட்டது.

அது போல்ட்டைவிடக் கெட்டியான இரும்பு. அதன் மேல் எந்த டிரில்லும் ஏறாது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மாவு போடுவது எப்படி என்றுதான் அப்போது யோசித்தேன். கவலை அந்த அளவில்தான் இருந்தது.

என் மனைவி கையில் அரிசி கழுவிய ஈரத்தோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, மைக்குல இன்னா சொல்லிக்கினு போறாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. சுத்தியல் சத்தத்தில் எதுவுமே கேட்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்தின் அறிவிப்பு ஆட்டோ தெருமுனையில் நின்று மறுபடியும் சொன்னது. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆற்றோரம் தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் உடனே மேடான இடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் சொல்வதுதான். அதனால் நான் அசையவில்லை. அவள்தான் தெருவோரச் சாக்கடையைக் காட்டினாள். ஆற்றை நோக்கி ஓட வேண்டிய தண்ணீர் ஆற்றிலிருந்து எங்கள் பக்கம் ஓடி வந்துகொண்டிருந்தது. ஒரு செருப்பு அதில் மிதந்து வீடுகளைப் பார்த்து வந்தது.

வாசலில் ஒரு சக்கரம் இல்லாத கார். உள்ளே எங்கள் பிழைப்பே அதுதான் என்கிற பெரிய கிரைண்டர். அதை நாலு பேர் இல்லாமல் தூக்க முடியாது. மாடியில்லாத வீடு.

மறுபடியும் காருக்கு அடியில் புகுந்தேன். உளியை வைத்து அடித்தேன். துருவை இளக்கும் எண்ணெயை டப்பா காலியாகும்வரை பீய்ச்சினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியை வைத்து அடித்தேன். போல்ட் ஒரு நூல்கூட நகரவில்லை. வா, வா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே அடித்திருக்கிறேன். என் மனைவி பிறகு சொன்னபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் வந்தார். கீழே குனிந்து என் முகத்தைத் தேடினார்.

"அண்ணா, அப்பாவ ஏத்திக்கினு போவணும். ஆட்டோக்காரன் எவனும் உள்ள வரமாட்டேன்றான். உங்க வண்டி எடுக்க முடியுமா?"

அவருடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டிருந்தது. முதலியார்பேட்டை மில் ஒன்றில் வேலை பார்த்துவந்தவர், கனமான உடம்பு. வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் பிடித்துத்தான் நகர்த்துவார்கள். தெருவில் கார் என்று இருந்தது எங்களுடையது மட்டும். நான் சக்கரம் இல்லாத இடத்தைக் காட்டினேன். அவர் உட்கார்ந்து பார்த்தார். உடைந்த போல்ட், அதற்குள் உடைந்த கருவி.

"இதும்மேல ஒரு நட்ட வெச்சு வெல்டு அடிச்சு, அத்தப் புடிச்சுத் திருப்பிப் பாக்கலாமா? அந்தச் சூட்டுலயே துரு விட்ரும்" என்றார்.

"பாக்கலாம் தம்பி. எதுனா பண்ணு."

தண்ணீர் வருமென்று வெல்டிங் மெஷினை உயரத்தில் ஏற்றி வைத்திருந்தார். அதை மறுபடியும் இறக்கி, கேபிளை இழுத்து, முகமூடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நட்டை இடுக்கியால் நான் பிடித்துக்கொண்டேன். ஒரு பொறி பறந்தது. அவ்வளவுதான். மெஷினின் உறுமல் நின்றுபோனது. வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியும் நின்றது. தண்ணீர் வருகிறதென்று தெருவுக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். நட்டு ஒட்டாமல் என் இடுக்கியிலேயே இருந்தது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் சுத்தியலை எடுத்து மறுபடியும் அடித்தேன். இந்த முறை குறி பார்த்து அடிக்கவில்லை. எங்கே படுகிறதோ படட்டும் என்று அடித்தேன். ஒரு அடி இடது கட்டைவிரலில் விழுந்தது. வலி தெரியவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு அடி அடித்தேன். என் மனைவி வந்து சுத்தியலைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"இவ்ளோ அடிச்சும் அது வரல இல்ல?"

"வரல."

"அப்ப ஓட்னா மட்டும் வந்துருமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இதையெல்லாம் விளக்க இதுவா நேரம் என்று கத்தப்போனேன். அவள் விடவில்லை.

"நான் கேக்குறது ஒண்ணுதான். அந்த போல்ட்டு உள்ள இருந்தா வண்டி ஓடும் இல்ல? அது உள்ளதான கீது? தலதான் இல்ல. சக்கரத்த மாட்டிக்கினு பாலம் வரைக்கும் மெதுவாப் போயிடலாம் இல்ல?"

பக்கத்து வீட்டுக்காரர் சுருட்டிய கேபிளைத் தோளில் போட்டபடி நின்றுவிட்டார். மறுபடியும் குனிந்து பார்த்தார். "அண்ணி சொல்றது செரிதாண்ணா. குறுக்க நிக்குது. கீழ இருக்குற அந்தத் தாங்கி இதத் தாண்டி வெளிய வர முடியாது. அண்ணா, இன்னிக்கி இத விட்ருங்க."

காலையிலிருந்து அதை வெளியே எடுப்பது ஒன்றுதான் என் மூளையில் இருந்தது. எடுக்காமல் விடலாம் என்று தோன்றவே இல்லை. பழைய ஆக்ஸில் இன்னும் உள்ளேதான் இருந்தது. நான் கழற்றியது சக்கரத்தையும் பெரிய நட்டையும் மட்டும். ஆக்ஸிலை உள்ளே தள்ளி, நட்டை மாட்டி, சக்கரத்தைப் பூட்டினால் வண்டி நகரும்.

சாக்கைத் துழாவிப் பெரிய நட்டை எடுத்தேன். ஆக்ஸில் நுனியில் வைத்துத் திருகினேன். ஏறவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஏறவில்லை. விரலால் தடவிப் பார்த்தபோதுதான் புரிந்தது. காலையில் நான் போட்ட சுத்தியல் அடியில் நுனி மழுங்கி, நட்டு ஏற வேண்டிய முதல் இரண்டு மரையும் நசுங்கிப்போயிருந்தது. நட்டைக் கழற்றிவிட்டு வெறும் நுனியில் அடிக்கக்கூடாது என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரிந்திருந்தது.

தண்ணீர் வாசல் படியைத் தொட்டுவிட்டது. அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் மனைவி முன்னால், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால், கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. அவர் கொட்டகைக்குப் போய் ஒரு முக்கோண அரத்தோடு வந்தார். கரண்ட் இல்லாமல் செய்யக்கூடியது அது ஒன்றுதான். ஆக்ஸில் நுனிக்கு எதிரே சப்பணமிட்டு, தண்ணீரிலேயே உட்கார்ந்து, நசுங்கிய மரையை அரத்தின் விளிம்பால் வரி வரியாக அறுக்க ஆரம்பித்தார். தூறல் போட்டது. என் மனைவி குடை பிடித்தாள்.

ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்வதை அவள்தான் முதலில் பார்த்தாள். அடியில் மண் ஊறி இளகிவிட்டது. "எந்திரிங்க, எந்திரிங்க" என்று அவரைத் தோளைப் பிடித்து இழுத்தாள். கார் விழவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெட்டி வைத்திருந்த இரும்புத் தகடு ஒன்றை அவர் எடுத்து வந்தார். தெருவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்த ஆட்கள் மூன்று பேர் பெட்டிகளைத் திண்டில் வைத்துவிட்டு வந்து காரின் முனையைத் தூக்கினார்கள். நான் தகட்டை அடியில் தள்ளி ஜாக்கியை மறுபடி நிறுத்தினேன். அவர்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் அறுப்பார், நான் நட்டை வைத்துப் பார்ப்பேன். கோணலாக ஏறும், எடுத்துவிடுவேன். மறுபடி அறுப்பார். அவர் வீட்டுக்குள்ளிருந்து பெரியவரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வார்த்தை தெளிவில்லாத குரல், ஒரே அழைப்பு. அவர் அரத்தை நிறுத்தாமல், "வந்துட்டேன்ப்பா, வந்துட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வந்திருந்தபோது நட்டு நேராகக் கவ்வியது. ஒரு சுற்று போனது. நான் மூச்சுவிடாமல் இன்னொரு சுற்று கொடுத்தேன். போனது. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டார். ஸ்பானரில் நீளமான பைப்பை மாட்டி நான் தொங்கினேன். பலம் போதவில்லை. என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி, பைப்பின் மேல் ஏறியே நின்றுவிட்டாள். நட்டு இறுகியது. சக்கரத்தைப் பூட்டி ஜாக்கியை இறக்கினேன்.

பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து முன் சீட்டில் உட்காரவைத்தோம். பின்னால் சீட் இல்லாத தரையில் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி தன் சின்னப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் மனைவி ஊறவைத்த அரிசித் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அத எதுக்கு இப்ப?" என்றேன்.

"கிரைண்டரத்தான் தூக்க முடியல. இதயாவது எடுத்துக்கினு வரேன்."

பக்கத்து வீட்டுக்காரர் ஏறவில்லை. டிரில் மெஷினையும் அப்பாவின் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு நடந்தே வந்துவிடுவதாகச் சொன்னார்.

வண்டியைக் கிளப்பினேன். முதல் கியரிலேயே போனேன். தெருவில் பள்ளம் எங்கே இருக்கிறதென்று தண்ணீரில் தெரியவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடது சக்கரம் மடங்கிச் சாய்ந்துவிடும் என்று உடம்பு காத்துக்கொண்டிருந்தது. கடலூர் ரோட்டில் ஏறத் திருப்பியபோது ஆக்ஸில் அலறியது. பெரியவர் நல்ல கையால் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். பின்னால் குழந்தை அழுதது. பகலெல்லாம் வெளியே வா என்று அடித்த போல்ட்டிடம், இப்போது வந்துவிடாதே என்று மன்றாடிக்கொண்டிருந்தேன்.

மேடான இடமென்று பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தியிருந்தார்கள். கீழே ஆறு நான் பார்த்தறியாத நிறத்தில், பாலத்தின் வயிற்றை உரசிக்கொண்டு போனது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி எடுக்கும் தைரியம் வராது என்று தோன்றியது. முதலியார்பேட்டையில் என் மனைவியின் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியபோது ஸ்டியரிங்கிலிருந்து விரல்கள் பிரியவில்லை. என் மனைவி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

பெரியவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு நான் பாலத்துக்கு நடந்தேன். அதற்குள் போலீஸ் தடுப்பு வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்களை மட்டும் விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் போன் அணைந்திருந்தது. வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். கேஸ் சிலிண்டரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். "அங்க மார்பளவு தண்ணி. நான் வரும்போது உன் வீட்டாண்டதான் நின்னுக்கினு இருந்தாரு" என்றார். என் வீட்டில் அவருக்கு என்ன வேலை என்று யோசித்தேன். கிரைண்டரைத் தூக்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். தடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவர் வந்தார். கழுத்துவரை சேறு. மாத்திரைப் பை நெஞ்சோடு கட்டியிருந்தது. கையில் வேறு எதுவும் இல்லை.

"உங்க கிரைண்டரத் தூக்க முடியலண்ணா. கொஞ்சம் நகந்து கதவுல சாஞ்சு நின்னுக்கிச்சு" என்றார்.

நான் அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு பேரும் அக்கா வீட்டுக்கு நடந்தோம். அங்கே ஊறவைத்த அரிசியைப் பெரிய பாத்திரத்தில் கஞ்சியாகக் காய்ச்சியிருந்தார்கள். எங்களோடு சேர்த்து அந்தத் தெருவில் ஒதுங்கியிருந்தவர்களும் அதைத்தான் குடித்தார்கள்.

தண்ணீர் வடிந்தபோது வீட்டுச் சுவரில் ஜன்னல் உயரத்துக்குச் சேற்றுக்கோடு இருந்தது. கிரைண்டர் மோட்டாருக்குள் மண். வாங்கி வைத்த ஆக்ஸிலும் சேற்றுக்குள்தான் கிடந்தது, கழுவி எடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரரின் வெல்டிங் மெஷின் மறுபடி வேலை செய்யவே இல்லை.

மெக்கானிக் ஊரிலிருந்து வந்ததும் காரைக் கொண்டுபோய் விட்டேன். குனிந்து பார்த்தவர் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்த வெச்சுக்கினா பாலத்தத் தாண்டுன?" என்றார். கேஸ் நெருப்பால் அந்த இடத்தைச் சிவக்கச் சிவக்கச் சுட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியை வைத்து அடித்தார். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் அது கீழே விழுந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பட்டறை வாசலில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். கட்டைவிரல் நகம் கறுத்து, பாதி பிரிந்து நின்றது.

ஆக்ஸில் மாற்றிய வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனேன். பாதிப் பேர் வேறு ஆளிடம் மாவு வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீதிப் பேர், "எப்பப் போடுவீங்க?" என்று கேட்டார்கள். கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் போடுவேன் என்று ஒவ்வொரு கடையிலும் சொல்லிவிட்டு வந்தேன்.